நாஸ் பெட்டியில் ஹார்டு டிஸ்க் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து மாற்றி முடிக்கும் வரை

ஒரு டிஸ்க் செத்ததால் மட்டும் நாஸ் எனப்படும் வீட்டு சேமிப்பு சர்வரில் இருந்த போட்டோ எல்லாம் போனது என்று சொன்னவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. ஒன்று செத்தாலும் ஓடட்டும் என்றுதானே பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டு போட்டு வைக்கிறோம். டேட்டா போவது அதற்கடுத்த அரை மணி நேரத்தில்தான்: ஸ்க்ரூடிரைவரும் கையுமாக, கெட்டது எது என்று சரியாகப் பார்க்காமல், பதறிக்கொண்டு கேபினட்டைத் திறக்கும்போது. நல்ல டிஸ்கை உருவிவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

என்னுடையது பழைய டெஸ்க்டாப் கேபினட். உள்ளே 4 டெராபைட் டிஸ்க் நான்கு, இசட்எஃப்எஸ் என்ற பைல் சிஸ்டத்தில் ரெய்டு-இசட்1 வகை ரெய்டு, எல்லாவற்றையும் நிர்வகிக்க ட்ரூநாஸ் மென்பொருள். நான்கில் எது போனாலும் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. உங்களிடம் இருப்பது ஓப்பன்மீடியாவால்ட் மென்பொருளோ, வெறும் லினக்ஸில் எம்டிஏடிஎம் என்ற ரெய்டு கருவியோ, கடையில் வாங்கிய சினாலஜி பெட்டியோ, எதுவானாலும் நோய் ஒன்றுதான். மருந்து கொடுக்கும் பட்டன்தான் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்னால்

இரண்டு வேலை. முதலாவது, திரும்பக் கிடைக்காதவற்றை இன்னொரு இடத்தில் காப்பி எடுப்பது. சினிமா, சீரியல் எல்லாம் கிடக்கட்டும். கல்யாண ஆல்பம், பத்திரங்களின் ஸ்கேன், குழந்தையின் முதல் வருட வீடியோ, இவை போதும். ஒரு யூஎஸ்பி டிஸ்கில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. சர்வர் இப்போது ஓடிக்கொண்டிருந்தால் ஆஃப் செய்யாமலே எடுங்கள். வயதான டிஸ்க் ஒன்று, நின்று குளிர்ந்த பிறகு மறுபடி சுழல மறுப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

இரண்டாவது, சீரியல் நம்பர். திரையில் டிஸ்க்குகள் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று வரும். அந்தப் பெயர்களை நம்பி எதையும் கழற்றாதீர்கள். இயந்திரம் ரீஸ்டார்ட் ஆனால் நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிசி ஆகிவிடலாம். எனக்கு அதுதான் நடந்தது. மத்தியானம் எஸ்டிபி கெட்டது என்று ஒரு தாளில் குறித்து வைத்தேன். சாயங்காலம் கரண்ட் போய் வந்தது, பெயர்கள் மாறிவிட்டன. நான் தாளைப் பார்த்து, அந்தப் பெயருக்கு எந்த ஒயர் போகிறது என்று தேடி, அந்த டிஸ்கை உருவினேன். ஏற்கெனவே ஒன்று கெட்ட நிலையில் நல்லது ஒன்றும் போனதும், பூல், அதாவது நான்கு டிஸ்கும் சேர்ந்த தொகுப்பு, முழுக்க அப்படியே உறைந்து நின்றது. கை நடுங்க அதே இடத்தில் செருகி, ரீஸ்டார்ட் செய்தேன். இசட்எஃப்எஸ் புண்ணியத்தில் எழுந்து வந்தது. எல்லா ரெய்டும் இப்படி மன்னிக்காது.

அன்று ராத்திரியே ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் நம்பரில் கடைசி நான்கு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி, வெளியே தெரிகிற விளிம்பில் ஒட்டினேன். சர்வர் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்து வைத்தால் பத்து நிமிட வேலை. ஸ்டிக்கர் இல்லை, கேபினட்டில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி விளக்கு இருக்கிறது என்றால், கெட்டது என்று நினைக்கும் டிஸ்கிலிருந்து மட்டும் தொடர்ந்து எதையாவது படிக்க வைத்து எந்த விளக்கு மின்னுகிறது என்று பார்க்கலாம். அதுவும் ஒரு சாட்சிதான். சீரியல் நம்பரே தீர்ப்பு.

எச்சரிக்கை மெயில் வந்திருக்கிறது, மற்றபடி எல்லாம் ஓடுகிறது

இதுதான் நல்ல அறிகுறி. டிஸ்க் தானே தன் உடம்பைக் கவனித்து எழுதி வைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டில் ஏதோ ஒரு எண் நகர்ந்திருக்கிறது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் வரும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையிலோ, உங்கள் நாஸின் டிஸ்க் பக்கத்திலோ முழுப் பட்டியலையும் பாருங்கள். மேலே 'பாஸ்ட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை மதிக்க வேண்டாம். தயாரித்தவர்கள் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் அது 'ஃபெயில்' ஆகும். அதற்குள் பல டிஸ்க்குகள் போய்ச் சேர்ந்துவிடும்.

பார்க்க வேண்டியவை சில வரிகள்தான். 5 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (டிஸ்கைப் பிரித்து வைத்த சின்னச் சின்னத் துண்டுகள்) கணக்கு. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். 198, சும்மா இருக்கும் நேரத்தில் டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோது படிக்க முடியாமல் போனவை. 187, திருத்த முடியாத பிழை என்று கணினியிடமே கையை விரித்த தடவைகள். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் இந்த நான்கோடு 188-ஐயும் (பதில் வராமல் நேரம் கடந்த கட்டளைகள்) சேர்த்து ஐந்தைத்தான் முன்னெச்சரிக்கையாகக் கவனிப்பதாக எழுதியிருக்கிறது. எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் இருக்கும் மூல எண்ணைப் பாருங்கள். நடுவில் 100, 200 என்று நிற்பவை அதைச் சுருக்கிப் போட்ட மதிப்பெண்.

சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் 1-ஆம் வரியிலும் 7-ஆம் வரியிலும் கோடிக்கணக்கில் எண்ணைப் பார்த்து அலறுவது வழக்கம். அது பிழைகளின் எண்ணிக்கை அல்ல. எத்தனை முறை அந்த வேலையைச் செய்தது, அதில் எத்தனை பிழை என்ற இரண்டையும் ஒரே எண்ணுக்குள் திணித்து வைத்திருக்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

என் கணக்கு இப்படி. 5-ஆம் வரியில் 8 என்று வந்து, இரண்டு மாதம் 8-ஆகவே நின்றால் கவனித்துக்கொண்டு விட்டுவிடுவேன். வாரத்துக்கு வாரம் 8, 24, 60 என்று ஏறினால் புது டிஸ்குக்கு ஆர்டர் போட்டுவிடுவேன். 197 பூஜ்யம் இல்லையென்றால் நீண்ட சோதனை ஓட்டுவேன். குறுஞ்சோதனை இரண்டு நிமிடத்தில் முடியும், அது கதவைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. நீண்டது டிஸ்க் முழுவதையும் படிக்கும். 4 டெராபைட்டுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கலாம். காலையில் 'ரீட் ஃபெயிலியர்' என்று வந்திருந்தால் மேற்கொண்டு வாதம் வேண்டாம், மாற்றுங்கள். சோதனை தேறி, 197-உம் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால், எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போய் அரைகுறையாக நின்ற செக்டாராக இருந்திருக்கலாம். மறுபடி எழுதியதும் சரியாகிவிடும்.

199-ஆம் வரி மட்டும் ஏறுகிறது

டிஸ்க் நிரபராதி. 199 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் வழியில் டேட்டா சிதைந்ததைக் கண்டுபிடித்த கணக்கு. சாட்டா கேபிள் தளர்ந்திருக்கும், நசுங்கியிருக்கும், அல்லது இணைப்பு முனையில் பச்சை பூத்திருக்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நூறு ரூபாய் சமாச்சாரம். கொக்கியுள்ள கேபிளாகப் பார்த்து வாங்கி மாற்றுங்கள். இந்த எண் ஒருபோதும் இறங்காது, அதனால் மாற்றியும் 43 என்றே காட்டுகிறதே என்று குழம்ப வேண்டாம். 43-ஐக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்தும் 43-ஆகவே இருந்தால் வேலை முடிந்தது. ஏறினால் மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

படம் ஓடும்போது அரை நிமிடம் நிற்கிறது, பிறகு தானே ஓடுகிறது

வைஃபை மேல் பழி போட்டு ரௌட்டரை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன், லினக்ஸ் தன் பிழைகளை எழுதி வைக்கும் கர்னல் பதிவைப் பாருங்கள். அந்த அரை நிமிடத்துக்கு ஒரு காரணம் உண்டு. லினக்ஸ் ஒரு டிஸ்கிடம் கேட்ட கேள்விக்கு 30 விநாடி பதில் வராவிட்டால்தான் பொறுமை இழந்து இணைப்பை ரீசெட் செய்யும். நாஸுக்கென்று விற்கும் டிஸ்க்குகள் ஒரு செக்டாரைப் படிக்க முடியவில்லை என்றால் சுமார் 7 விநாடி முயன்றுவிட்டு 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். ரெய்டு உடனே பக்கத்து டிஸ்க்குகளை வைத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் அப்படி இல்லை. அது தன்மானக்காரன். நிமிடக் கணக்கில் திரும்பத் திரும்ப முயலும். அதற்குள் ஆள் செத்துவிட்டான் என்று முடிவு கட்டி ரெய்டு அதை வெளியே தள்ளிவிடும். ஒரே ஒரு கெட்ட செக்டாருக்காக முழு டிஸ்கும் தள்ளுபடி ஆவது இப்படித்தான்.

உங்கள் டிஸ்கில் அந்தக் கால எல்லையை மாற்றும் வசதி இருந்தால் ஸ்மார்ட்சிடிஎல் வழியாக 7 விநாடிக்கு வைக்கலாம். கட்டளையில் அது 70 என்று எழுதப்படும், பத்தில் ஒரு விநாடிக் கணக்கு. பல டிஸ்க்குகளில் கரண்ட் போய் வந்ததும் மறந்துவிடும், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ஓடும்படி வையுங்கள். வசதியே இல்லாத டிஸ்க் என்றால் எதிர்த் திசையில் போய், லினக்ஸின் 30 விநாடிப் பொறுமையை 180-ஆக ஏற்றுங்கள்.

அதே கர்னல் பதிவில் இன்னொரு துப்பும் கிடைக்கும். பிழை வரியில் யுஎன்சி என்ற மூன்றெழுத்து இருந்தால் தட்டில் எழுதியதைப் படிக்க முடியவில்லை என்று பொருள், அது டிஸ்க் கோளாறு. ஐசிஆர்சி என்று இருந்தால் வழியில் சிதைந்தது, கேபிள் கோளாறு. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் நான் என் முதல் டிஸ்கைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டேன்.

டிஸ்க் காணாமல் போகிறது, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது

பவரைச் சந்தேகப்படுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது சாதுவாக இருக்கும். நின்ற இடத்திலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நான்கும் ஒன்றாகக் கிளம்பினால் 8 ஆம்பியர். ஐந்தாறு வருடம் கோடை வெயிலில் வெந்த பவர் சப்ளையோ அடாப்டரோ அந்த இழுப்பில் தொய்ந்துவிடும். தொய்ந்தால் ஒரு டிஸ்க் எழாது. எந்த டிஸ்க் என்பதும் தடவைக்குத் தடவை மாறும். ஒரே டிஸ்க் தொடர்ந்து காணாமல் போனால் அந்த டிஸ்கோ அதன் கேபிளோ, ஆள் மாறி மாறிக் காணாமல் போனால் பவர். இந்த விதி எனக்கு இதுவரை பொய்த்ததில்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்விசிறிக்குத் தெரியாத அந்த மாறும் இடைவெளி சர்வருக்குத் தெரியலாம். சின்ன யூபிஎஸ் ஒன்றை நடுவில் போட்டு, அதன் யூஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகி, பேட்டரி தீரும் முன் தானே ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள்.

சத்தம் வருகிறது

ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெல்லிய 'டிக்' என்று பெரிய கொள்ளளவு டிஸ்க் சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம். சில டபிள்யூடி, எச்ஜிஎஸ்டி டிஸ்க்குகள் தேய்மானம் ஒரே இடத்தில் விழாமலிருக்க, டேட்டாவைப் படிக்கும் ஹெட்டை நகர்த்தும் சத்தம் அது. 'டொக், டொக், டொக், விர்ர்' என்று நின்று நின்று வந்தால் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. வேறு பவர் ஒயரில் மாற்றி ஒரே ஒருமுறை பாருங்கள். அதே சத்தம் என்றால் அதற்கு மேல் கரண்ட் கொடுக்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

எல்லா டிஸ்கிலும் ஒரே நேரத்தில் செக்சம் பிழை

படித்த டேட்டா எழுதியதோடு ஒத்துப்போகவில்லை என்பதே செக்சம் பிழை. நான்கு பேருக்கும் ஒரே நாளில் வயிற்றுவலி என்றால் சாப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். ரேம், சாட்டா கார்டு, பவர் சப்ளை, இந்த வரிசையில். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓட்டுங்கள். புது டிஸ்க் வாங்கிப் போட்டால் அதிலும் பிழைதான் எழுதப்படும்.

டிஸ்க்தான் என்று உறுதியானால்: வாங்குவது

கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். ஒரு செக்டார் குறைந்தாலும் 'சின்னது' என்று சேர்த்துக்கொள்ளாது.

அதைவிட முக்கியம், அது எஸ்எம்ஆர் டிஸ்காக இருக்கக் கூடாது. எஸ்எம்ஆர் என்றால் கூரை ஓடு அடுக்குவது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறியிருக்கும். நடுவில் ஒன்றைத் திருத்த வேண்டுமானால் அதற்கு மேல் அடுக்கிய ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும். அன்றாடம் நாலு போட்டோ போடுவதற்கு ஒன்றும் தெரியாது. ரெய்டை மீட்டுக் கட்டும்போது மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுத வேண்டி வரும், அப்போது மூச்சுத் திணறிவிடும். 2020-இல் டபிள்யூடியின் ரெட் வரிசையில், நாஸுக்கென்றே விற்ற 2 முதல் 6 டெராபைட் டிஸ்க்குகள் சிலவற்றில் அட்டையில் சொல்லாமலே இந்த முறை இருந்தது தெரியவந்து பெரிய ரகளை ஆனது. அதற்குப் பிறகுதான் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத பழைய சிஎம்ஆர் முறை டிஸ்க்குகளை 'ரெட் பிளஸ்' என்று தனியே பெயரிட்டு விற்கத் தொடங்கினார்கள். 4 டெராபைட்டில் இஎஃப்ஏஎக்ஸ் என்று முடியும் மாடல் எஸ்எம்ஆர், இஎஃப்ஆர்எக்ஸ் என்று முடிவது சிஎம்ஆர். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் வாங்கலாம், பாரகுடா என்றால் மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், கைக்கு வந்ததும் முதல் வேலை சீரியல் நம்பரைத் தயாரித்தவர்களின் தளத்தில் போட்டு இந்தியாவில் வாரண்ட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது வேலை, ஸ்மார்ட்டில் ஓடிய மணிக்கணக்கைப் பார்ப்பது. புதுசு என்றால் பூஜ்யமோ ஒன்றிரண்டோதான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கையே அழித்துவிட்டு விற்கும் வித்தையும் உண்டு. 2025 தொடக்கத்தில் டேட்டா சென்டரில் ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகள் புதியவை என்ற பெயரில் ஐரோப்பாவில் கடைகளுக்கு வந்தது அம்பலமானது. ஸ்மார்ட் கணக்கு சுத்தமாக இருந்தது, சீகேட் தனியே வைத்திருக்கும் ஃபார்ம் என்ற பதிவுதான் காட்டிக்கொடுத்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 முதல் அந்தப் பதிவைப் படிக்க முடியும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

புது டிஸ்கை வந்த அன்றே பூலில் சேர்க்கலாமா? அவசரம் இல்லையென்றால் முதலில் பேட்பிளாக்ஸ் என்ற சோதனைக் கருவியை ஓட்டுங்கள். நான்கு விதமாக எழுதி நான்கு முறை படித்துப் பார்க்கும். 4 டெராபைட்டுக்கு இரண்டரை நாள் வரை பிடிக்கும். டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், எனவே எந்த டிஸ்க் மேல் ஓட்டுகிறீர்கள் என்பதற்கும் சீரியல் நம்பரே சாட்சி. பூல் ஏற்கெனவே ஒற்றைக் காலில் நிற்கிறது என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு, குறுஞ்சோதனையோடு சேர்த்துவிடுங்கள்.

மாற்றுவது

மதர்போர்டில் ஒரு சாட்டா போர்ட் காலியாக இருந்தால், கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்கைக் கழற்றவே கழற்றாதீர்கள். புதியதைக் காலி போர்ட்டில் செருகி, பழையதற்குப் பதில் இது என்று 'ரீப்ளேஸ்' கொடுங்கள். பழைய டிஸ்க் நொண்டிக்கொண்டாவது ஓடுகிறவரை அதிலிருந்தும் படித்துக்கொள்ளும். படிக்க முடியாத இடங்களை மட்டும் மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு எடுக்கும். மாற்றம் நடக்கும் நேரத்திலும் உங்கள் பாதுகாப்பு குறையாது. எம்டிஏடிஎம்மிலும் இதே வசதி உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தாமல் பழையதை 'ஃபெயில்' என்று குறித்துத் தூக்கிவிட்டுப் புதியதைச் சேர்ப்பதே பலருக்கும் பழக்கம். ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

காலி போர்ட் இல்லையென்றால் வழக்கமான வழி. ட்ரூநாஸில் பூலின் டிஸ்க் பட்டியலுக்குப் போய், சீரியல் நம்பரைச் சரிபார்த்து, அந்த டிஸ்கை 'ஆஃப்லைன்' செய்யுங்கள். இயந்திரத்தை முறையாக ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்குங்கள். ஓடும்போதே மாற்றும் வசதி உங்கள் பெட்டியில் இருப்பது நிச்சயமாகத் தெரிந்தால் ஷட்டவுன் வேண்டாம். நிச்சயமில்லையென்றால் வீரம் வேண்டாம். கேபினட்டின் இரும்பைத் தொட்டுக் கையிலிருக்கும் ஸ்டேட்டிக்கை இறக்கிக்கொள்ளுங்கள். உருவிய டிஸ்கின் லேபிளில் உள்ள சீரியல் நம்பரைத் திரையில் பார்த்ததோடு இன்னொரு தடவை ஒப்பிடுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரை விட்டு எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்வது இன்னும் நல்லது. 8-ஐயும் பி-யையும் குழப்பிக்கொள்வது கண் அல்ல, அவசரம்.

புதியதைச் செருகி, நான்கு ஸ்க்ரூவும் போட்டு முடுக்குங்கள். அதிர்கிற டிஸ்க் பக்கத்து டிஸ்கையும் தொந்தரவு செய்யும். பூட் ஆனதும் அதே பட்டியலில் ஆஃப்லைன் ஆனதைத் தேர்ந்து 'ரீப்ளேஸ்', புதிய டிஸ்கைக் காட்டுங்கள். சினாலஜியில் ஸ்டோரேஜ் மேனேஜரில் 'ரிப்பேர்' என்று இருக்கும்.

புது டிஸ்க் சுழலவே இல்லை

யூஎஸ்பி பெட்டிக்குள்ளிருந்து பிரித்தெடுத்த டிஸ்க்கோ, டேட்டா சென்டர் வகை டிஸ்க்கோ என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். சாட்டா 3.3 தரத்திலிருந்து பவர் இணைப்பின் மூன்றாவது பின் 'டிஸ்கை அணை' என்று சொல்லும் ஒயராக மாறிவிட்டது. பழைய பவர் சப்ளை அதே பின்னில் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு படுத்தே கிடக்கும். டிஸ்கின் அந்த ஒரு பின் மேல் மட்டும் சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப் ஒட்டினால் எழுந்துவிடும். செல்லோ டேப் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயரும் வேலை செய்யும். ஆனால் முனையில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே வார்ப்பாகச் செய்தவற்றை வாங்காதீர்கள், உள்ளே ஒயர்கள் ஒட்டித் தீப்பிடித்த கதைகள் உண்டு.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் சேர்க்க மறுக்கிறது என்றால் அதில் பழைய பார்ட்டிஷனோ வேறு ரெய்டின் அடையாளமோ மிச்சம் இருக்கும். 'வைப்' செய்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். எதை வைப் செய்கிறோம் என்பதற்கும் அதே நான்கு எழுத்து.

மீட்பு முடியவே மாட்டேன் என்கிறது

இசட்எஃப்எஸ் எழுதப்பட்ட டேட்டாவை மட்டும் மீட்டுக் கட்டும், எம்டிஏடிஎம் காலி இடத்தையும் சேர்த்து முழு டிஸ்கையும் கட்டும். விநாடிக்கு 150 மெகாபைட் வைத்துக்கொண்டால் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் படம் பார்த்தால் இரட்டிப்பாகும். முதல் சில நிமிடங்களில் திரை காட்டும் 'இன்னும் 9 நாள்' என்பதை நம்ப வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

ஒரு மணி நேரம் கழித்தும் நாள் கணக்கில் காட்டினால், ஒன்று புது டிஸ்க் எஸ்எம்ஆர், இல்லையென்றால் மிச்சமிருக்கும் பழைய டிஸ்க்குகளில் ஒன்று திணறுகிறது. எம்டிஏடிஎம் என்றால் லினக்ஸ் வைத்திருக்கும் வேக வரம்பையும் பாருங்கள், கீழ்வரம்பு விநாடிக்கு 1000 கிலோபைட் என்று கஞ்சத்தனமாக இருக்கும். அதை ஏற்றலாம். சூட்டையும் கவனியுங்கள். கத்திரி வெயிலில் மூடிய அலமாரிக்குள் சர்வர் வைத்திருப்பவர்கள் மீட்பு முடியும்வரை கதவைத் திறந்து ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள். டிஸ்கின் கையேடு 60 டிகிரியோ அதற்கு மேலோ தாங்கும் என்று சொல்லும். நான் 45-ஐத் தாண்ட விடுவதில்லை.

நடுவில் இரண்டாவது டிஸ்கிலும் பிழை

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய நான்கு டிஸ்க்குகள் ஒரே வயதில் தளர்வது ஆச்சரியம் இல்லை. அதோடு, மாதக் கணக்கில் யாரும் திறக்காத பைல்கள் இருந்த செக்டார்களை மீட்புதான் முதல்முறையாகப் படித்துப் பார்க்கிறது.

இரண்டாவது டிஸ்க் முழுதாகச் சாகவில்லை, சில இடங்களில் மட்டும் பிழை என்றால் இசட்எஃப்எஸ் நிற்காது. அந்த இடங்களில் இருந்த பைல்களைக் கெட்டவை என்று குறித்துக்கொண்டு மேலே போகும். விட்டுவிடுங்கள், முடியட்டும். எம்டிஏடிஎம் அந்த டிஸ்கையும் தள்ளிவிட்டு மொத்தமாக நின்றுபோகலாம். அப்போது 'கிரியேட்' என்ற சொல் வரும் எந்தக் கட்டளையையும் தட்டாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, திணறும் டிஸ்கை வேறொரு புதிய டிஸ்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற கருவியை வைத்துக் காப்பி எடுங்கள். அது சுலபமாக வரும் இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை வந்தது என்று ஒரு பைலில் குறித்து வைப்பதால் நடுவில் நின்றாலும் தொடரலாம். அந்தக் காப்பியை டிஸ்க் இருந்த இடத்தில் வைத்து ரெய்டை எழுப்புவதே வழி. முதலில் எடுத்த யூஎஸ்பி பேக்கப் கையில் இருந்தால் இதையெல்லாம் நிதானமாகச் செய்யலாம். அது இல்லாதவர்கள் டேட்டா மீட்பவர்களிடம் போவதாக இருந்தால், சொந்தப் பரிசோதனைகளைத் தொடங்கும் முன்பே போய்விடுங்கள்.

முடிந்த பிறகு

பூல் 'ஆன்லைன்' என்று பச்சை காட்டினாலும், எழுதியதையெல்லாம் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஒன்றை ஓட்டுங்கள். கெட்ட பைல்களின் பட்டியல் ஏதாவது வந்திருந்தால் அவற்றை அழித்துவிட்டுப் பேக்கப்பிலிருந்து போடுங்கள், மறுபடி ஸ்க்ரப். சில நேரம் இரண்டு முறை ஓட்டினால்தான் பட்டியல் மறையும். 4-க்குப் பதில் 8 டெராபைட் போட்டும் இடம் கூடவில்லையே என்பவர்களுக்கு: ரெய்டு-இசட்டில் நான்கையும் மாற்றிய பிறகுதான் கூடும், அதற்கும் 'ஆட்டோஎக்ஸ்பாண்ட்' ஆன் ஆகியிருக்க வேண்டும். மாதம் ஒரு ஸ்க்ரப்பும் நீண்ட சோதனையும் வேறு வேறு நாளில் ஓடும்படி குறித்து வையுங்கள். எச்சரிக்கை மெயில் நிஜமாகவே வருகிறதா என்று சோதனை மெயில் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். என் பாஸ்வேர்டு மாறி எட்டு மாதம் ஒரு மெயிலும் வராமல் இருந்தது, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய டிஸ்க் வாரண்ட்டிக்குள் இருந்தால் துடைத்துவிட்டு அனுப்புங்கள். துடைக்கும் அளவுக்கு அது ஒத்துழைக்கவில்லை, உள்ளே வங்கிக் கணக்கும் ஆதார் ஸ்கேனும் இருக்கிறது என்றால் வாரண்ட்டியை மறந்துவிடலாம். அப்படியே காயலான் கடைக்குப் போடாதீர்கள். டிரில்லிங் மெஷின் வைத்திருக்கும் தச்சரிடம் கொடுத்து, தட்டு இருக்கும் பகுதியில் நான்கைந்து ஓட்டை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது டிஸ்கின் விளிம்பில் கடைசி நான்கு எழுத்தையும் இன்றைய தேதியையும் எழுதி ஒட்டிவிட்டு கேபினட்டை மூடலாம்.